மூன்றுக்கு ஒன்று

பிப்ரவரி. சுப்பீரியர் ஏரி உறைந்து கிடக்கிறது.
இரும்புத்தாதுக் கப்பலொன்று துறையில்
பெயரின் பாதியைப் பனிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது.
வியாழன் இரவு வகுப்பு, உயிரியல் நூற்றொன்று.
இருபத்திரண்டு பேரின் ஆய்வுக் குறிப்பேடுகள்
என் சமையலறை மேசையில்,
ஆறிப்போன பீட்சாவுக்குப் பக்கத்தில்.

சோதனை பழையது, எளியதும்கூட.
நீண்ட சிறகுப் பழஈயும் குட்டைச் சிறகுப் பழஈயும் கூடி,
அவற்றின் பிள்ளைகள் தமக்குள் கூடி,
பேரப்பிள்ளைகள் பிறந்ததும்
மயக்கிப் படுக்கவைத்து
தூரிகை நுனியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ண வேண்டும்.
மூவருக்குச் சிறகு நீளம்.
ஒருவருக்குக் கசக்கிய பேருந்துச் சீட்டு மாதிரி.
பாடநூலில் அது தடித்த எழுத்தில் இருக்கிறது.
தேர்வில் வரும் என்று
நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

பதினேழு பேர்
துல்லியமாக மூன்றுக்கு ஒன்று தந்திருக்கிறார்கள்.
கோல்பி: எழுபத்தைந்து, இருபத்தைந்து.
அவன் குப்பியின் பஞ்சடைப்பு
நான் வைத்தபடியே திரும்பி வந்தது.
அன்று ஹாக்கிப் பயிற்சி இருந்திருக்கும்.
ஹோதான்: தொண்ணூறு, முப்பது.
மருந்தியல் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள்,
அரை மதிப்பெண்ணும் சிந்த மனமில்லை.
ஈக்கள் இவ்வளவு பாடம் படித்து
நான் பார்த்ததில்லை.

திட்டவும் வாய் வரவில்லை.
பத்தொன்பது வயதில்
முளைக்காத நாலு பட்டாணியை
பென்சிலால் முளைக்க வைத்தவள்தான் நான்.

அடுத்தது மார்னா ஹக்கலா. வயது நாற்பத்தாறு.
முதியோர் இல்லத்துச் சமையற்கட்டிலிருந்து நேரே
விரலில் வெங்காய வாசனையோடு வருகிறவள்.
நீளம் அறுபத்தொன்று. குட்டை இருபத்தெட்டு.
கணக்கு உதைக்கிறது.
உதைக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.
கீழே, சாமான் பட்டியல் எழுதும் கையெழுத்தில்:

“மயக்கமருந்து போதவில்லை. எனக்குத் தும்மல் வந்தது.
மூடி திறந்திருந்தது.
பத்துப் பறந்திருக்கும், இருபதாகவும் இருக்கலாம்.
ஆனால் குட்டைச் சிறகு ஒன்றும் போகவில்லை,
போகவும் முடியாது.
ஆகவே இது பிறந்தவற்றின் கணக்கு இல்லை.
தங்கியவற்றின் கணக்கு.”

ஒன்பது வருடமாக நடத்துகிறேன் இந்தச் சோதனையை.
எத்தனை தும்மல், எத்தனை மூடி.
தப்பியதெல்லாம் ஏதோ கொஞ்சம் என்று
இரு பக்கமும் சமமாகக் கழித்துவிட்டுப் போயிருக்கிறேன்.
பறந்து போவதற்குச் சிறகு வேண்டும் என்பது
ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கும் கீழே ஒரு வரி, ரப்பரால் அழித்தது.
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரிகிறது:
“சுரங்கம் மூடிய வருடம்
எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம்.”

மதிப்பெண் அட்டவணையில்
முன்னுரைக்கு ஐந்து, வரைபடத்துக்குப் பத்து,
முடிவுரைக்குப் பத்து.
அழித்த வரிக்குக் கட்டம் இல்லை.

மணி ஒன்று. ஜன்னலுக்கு வெளியே
மூச்சு விட்டால் மீசை உறையும் குளிர்.
எழுந்து தேநீர் போட்டுவிட்டு வந்தால்
குறிப்பேட்டின் ஓரத்தில் ஓர் ஈ
கால் தேய்த்துக்கொண்டிருக்கிறது.
கோட்டின் மடிப்பில் ஒட்டி வந்திருக்க வேண்டும்.
தானாக வர
இந்த மாதத்தில் ஊரில் ஈ ஏது?
யார் குப்பியிலிருந்து தப்பியதோ, தெரியாது.
கோல்பியுடையது இல்லை, அது மட்டும் நிச்சயம்.

பூதக்கண்ணாடி எடுக்கப் போனேன்.
தேவைப்படவில்லை. அதற்குள்
எழும்பி விளக்கைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

சிவப்புப் பேனாவால்
அவளுடைய அறுபத்தொன்றுக்குப் பக்கத்தில்
ஒரு கூட்டல் குறி போட்டேன்.
பிறகு, கொஞ்சம் யோசித்து,
ஒன்று.